கனி பறிக்கச் சென்றோம்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – தாவரவியல்

இலையுதிர் காலம் என்ற சொல்லைப் பள்ளிப் பாடநூலில் படித்திருக்கிறேனே தவிர, அதைக் கண்ணால் கண்டதில்லை. எங்கள் ஊரில் வெயில் காலம் உண்டு, மழைக்காலம் உண்டு, ஆடிக் காற்று உண்டு. மரங்களெல்லாம் பேசி வைத்துக்கொண்டதுபோல் ஒரே சமயத்தில் பொன்னிறமாகி உதிரும் காட்சி எங்களுக்கு வாய்த்ததில்லை.

சென்ற அக்டோபர் மாதத்தில் ஒருநாள் எங்கள் பேராசிரியை வகுப்பில் அந்தக் காலத்தைப் பற்றிச் சொன்னார். அமெரிக்கா போன்ற குளிர் நாடுகளில் அக்டோபர் வந்தால் மக்கள் குடும்பத்தோடு தோட்டங்களுக்குச் செல்வார்களாம். ஆப்பிளைத் தாங்களே மரத்திலிருந்து பறிப்பார்கள். பறங்கி வயலில் நடந்து, பிடித்த காயைத் தாங்களே தேர்ந்தெடுப்பார்கள். பறித்ததற்கு விலை கொடுத்து வாங்கிச் செல்வார்கள். அம்மாதம் 31-ஆம் நாள் வரும் ஹாலோவீன் இரவுக்குப் பறங்கியைக் குடைந்து, கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே விளக்கேற்றி வாசலில் வைப்பார்கள்.

"பறங்கியை அறுக்கும்போது காம்பை நீளமாக விட வேண்டும். காம்பு ஒடிந்தால் அந்த வழியே அழுகல் நுழையும். அதனால் காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள் என்று அங்கே வருகிறவர்களுக்குச் சொல்லித் தருவார்கள்" என்றார் பேராசிரியை.

எனக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. கூரைமேல் படர்ந்த பறங்கியை அறுத்துப் பரணில் அடுக்கும்போது என் அம்மா சொல்வதும் அதுதான். "காம்போட அறு தாயி. காம்பு போனா காய் போச்சு."

"ஆப்பிளும் பறங்கியும் பறிக்க நாம் அமெரிக்கா செல்ல முடியாது. ஆனால் திராட்சை பறிக்கலாம். அடுத்த வாரம் கம்பம் பள்ளத்தாக்கு!" என்று பேராசிரியை அறிவித்ததும் வகுப்பே கைதட்டியது. நான் மட்டும் கைதட்டவில்லை.

காரணம் உண்டு. நான் அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். விடுதியில் சேர்ந்த அன்று, "உங்க ஊர்ல என்னடி விசேஷம்?" என்று அறைத்தோழி கேட்டாள். "திராட்சை" என்றேன். "உங்களுக்கும் தோட்டம் இருக்கா?" என்றாள். "இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு சொல்தான். தோட்டம் இருந்தது உண்மை. ஆனால் அது எங்களுடையது அன்று. என் அம்மா தோட்டம் தோட்டமாகச் சென்று கூலிக்குப் பழம் வெட்டுபவர். அந்த ஒரு சொல்லைக் காப்பாற்ற, தோட்டம் எத்தனை ஏக்கர், ஆட்கள் எத்தனை பேர் என்று பின்னால் எத்தனையோ பொய்களை அடுக்க வேண்டியதாயிற்று. ஒரு விடுமுறையில் இதை அம்மாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சொன்னது சொல்லிட்டே. விடு" என்றார். அவ்வளவுதான்.

சுற்றுலா நாள் வந்தது. விடிவதற்கு முன் புறப்பட்ட எங்கள் பேருந்து தேனியைக் கடந்து, சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பத்தை நோக்கி விரைந்தது. இருமருங்கும் பச்சை வயல்கள். அவற்றுக்கு அப்பால் முகில் போர்த்திய மேற்கு மலைத்தொடர். தோழியர் பாட்டும் கும்மாளமுமாக வந்தனர். பேராசிரியை இடையிடையே முல்லைப் பெரியாற்று அணையைப் பற்றிச் சொன்னார். மேற்கே ஓடிய ஆற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது பென்னிகுவிக் கட்டிய அந்த அணை. 1895-இல் அது திறக்கப்பட்ட பின்னரே இப்பகுதி இத்தனை செழித்தது என்றார். நானோ சன்னலோரம் அமர்ந்து வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பள்ளத்தாக்கு சிறியது. இன்று வெட்டு நடக்கும் தோட்டங்கள் எத்தனை இருக்கும்? அவற்றுள் எதில் அம்மா இருப்பார்?

சுருளிப்பட்டிக்கு அருகே ஒரு தோட்டத்தில் இறங்கினோம். வாசலில் கேரள எண் பூண்ட கார்கள் நின்றன. கல்தூண்களை நட்டு, மேலே கம்பிகளை வலைபோல் இழுத்து, அதன்மீது கொடியைப் படரவிட்டிருந்தார்கள். தலைக்கு மேல் பச்சைக் கூரை. அதன் அடியில் கருநீலக் கொத்துகள். இலைகளின் இடுக்கில் இறங்கிய வெயில் தரையில் காசு காசாகக் கிடந்தது. பிறந்தது முதல் பார்த்த காட்சிதான். ஆனால் தோழியரின் கண்களால் அன்று பார்த்தபோது, இத்தனை அழகான இடத்திலா நாம் வளர்ந்தோம் என்று தோன்றியது.

விருப்பமுள்ளவர்கள் தாமே பறிக்கலாம். எடைக்குக் காசு கொடுத்தால் போதும் என்றார் தோட்டக்காரர். இது பன்னீர் திராட்சை; மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகக் கூறுவர். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைத் தோட்டக்காரர் மிகப் பெருமையோடு சொன்னார்.

பறிக்க ஓடியவர்களைப் பேராசிரியை நிறுத்திப் பாடம் தொடங்கினார். "குளிர் நாடுகளில் திராட்சைக் கொடி இலையுதிர் காலத்தில் இலைகளை உதிர்த்துவிட்டுக் குளிர்காலம் முழுவதும் உறங்கும், வசந்தத்தில் துளிர்க்கும். இங்கே அந்தக் குளிர் இல்லை. தானாக முழுதும் உதிராது. ஆகவே கவாத்து செய்கிறார்கள். கவாத்து செய்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் வெட்டுக்கு வரும். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து செய்யும் காலம் மாறுவதால், ஆண்டு முழுவதும் எங்கேனும் ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். இங்கே இலையுதிர் காலத்தை உண்டாக்குவது மனிதர்கள்தாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் குறிப்பேட்டில் எழுதினேன். கவாத்துக் காலத்தில் அம்மாவின் வலக்கைப் பெருவிரலில் காய்ப்பு ஏறியிருக்கும். இரவில் அதில் எண்ணெய் தடவிக்கொள்வார். இலையுதிர் காலத்தைக் கண்டதில்லை என்று இத்தனை நாள் எண்ணியிருந்தேன். அது எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

பிறகு ஓர் இலையைக் கிள்ளி, அதில் படிந்திருந்த நீலத் தடத்தைப் பேராசிரியை காட்டினார். போர்டோ கலவை! மயில்துத்தமும் சுண்ணாம்பும் நீரில் கலந்த மருந்து. பிரான்சில் போர்டோ நகரை அடுத்த பகுதியில், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துத் தின்னாமல் இருக்கச் சாலையோரக் கொடிகளில் இக்கலவையைத் தெளித்து வைப்பார்களாம். 1882-இல் அவ்வழியே சென்ற மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர், தெளித்த கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லாததைக் கண்டார். ஆராய்ந்து 1885-இல் உலகுக்கு அறிவித்தார். "அங்கே பறிக்காமல் இருக்க மருந்து தெளித்தார்கள், இங்கே நம்மைப் பறிக்க அழைக்கிறார்கள்" என்றார். எல்லோரும் சிரித்தோம். எங்கள் வீட்டுக் கொடியில் காயும் அம்மாவின் துணிகளில் எத்தனை துவைத்தாலும் போகாத நீலக் கறை ஒன்று உண்டு. அந்தக் கறைக்குப் பின்னால் இத்தனை பெரிய கதை இருப்பதை நான் கல்லூரிக்கு வந்தே அறிய வேண்டியிருந்தது.

அந்தக் கறையை அடுத்த நிமிடமே கண்டேன். மூன்றாவது பத்தியில், தலையில் துண்டு கட்டி, சேலைமேல் பழைய ஆண்சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, கத்தரியோடு நின்றுகொண்டிருந்தார் என் அம்மா.

அவரும் என்னைக் கண்டார். ஒரே கணம். பிறகு, அறியாத ஒரு பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்வையை விலக்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

என் கால்கள் நின்ற இடத்திலேயே நின்றன. தோழியர் ஆர்வத்தோடு கொத்துகளைப் பிடித்து இழுத்தனர். பழங்கள் உதிர்ந்து மண்ணில் சிதறின. அதைப் பொறுக்க அம்மாவால் முடியவில்லை. என் அறைத்தோழியின் அருகே வந்தார்.

"இழுக்காதீங்க பாப்பா. கொத்தைத் தொடாம காம்பைப் பிடிங்க. பழத்து மேல மாவு மாதிரி இருக்குல்ல, கை பட்டா அது அழிஞ்சிரும். அது அழிஞ்சா பழம் சீக்கிரம் வாடிரும்" என்று சொல்லி, கத்தரியால் நறுக்கென்று வெட்டி அவள் கையில் வைத்தார்.

பேராசிரியை இதைக் கேட்டு அருகில் வந்தார். "அது மெழுகுப் படலம். பழத்தின் ஈரம் போகாமல் காப்பது. சரியாகச் சொல்கிறார்கள்" என்று எங்களிடம் கூறிவிட்டு, "பழுத்துவிட்டது என்று எப்படிம்மா கண்டுபிடிப்பீர்கள்?" என்று கேட்டார்.

"நிறத்தை நம்பக் கூடாதுங்க. கொத்தோட அடி நுனியில இருக்கிற பழத்தைத் தின்னு பார்க்கணும். அதுதான் கடைசியாப் பழுக்கும். அது இனிச்சா மேல இருக்கிறது எல்லாம் இனிக்கும். வாழைப்பழம், மாம்பழம் மாதிரி வெட்டி வச்சுப் பழுக்க வைக்க முடியாதுங்க. கொடியில இருக்கிற மட்டுந்தான் இனிப்பு ஏறும்."

"எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் பேராசிரியை. வகுப்பு முழுவதும் எழுதியது. நானும் எழுதினேன்.

"எத்தனை வருஷமாக இந்த வேலை?"

"இருபது வருசம் இருக்குங்க. எம் பொண்ணு கைக்குழந்தையா இருந்தப்ப வந்தேன்."

"பெண் இப்போது என்ன செய்கிறாள்?"

நான் பத்தடி தூரத்தில் நின்றேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"படிக்குதுங்க. வெளியூர்ல."

அப்போது ஓரடி எடுத்து வைத்திருந்தால் போதும். 'இதோ இருக்கிறேன்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நான் குறிப்பேட்டைப் பார்த்தபடியே நின்றேன். பேராசிரியை நன்றி கூறி நகர்ந்தார். வகுப்பும் நகர்ந்தது. நானும் நகர்ந்தேன்.

எல்லோரும் பழம் வாங்கினார்கள். நானும் ஒரு கிலோ வாங்கினேன். அம்மா அனுப்பிய பணத்தில், அம்மா வெட்டிய பழத்தை, யாரோபோல் நின்று விலைக்கு வாங்கினேன்.

பேருந்து புறப்பட்டுச் சிறிது தூரம் சென்றதும், "உங்க தோட்டமும் இப்படித்தான் இருக்குமாடி?" என்று அறைத்தோழி கேட்டாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "எங்களுக்குத் தோட்டம் கிடையாது. உனக்குக் கொத்து வெட்டிக் கொடுத்தாங்களே, அவங்கதான் எங்க அம்மா" என்றேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சிரிக்கவும் இல்லை. சற்று நேரம் கழித்து, "அப்ப ஏண்டி அவங்க உன்னைப் பார்க்கவே இல்லை?" என்று மட்டும் கேட்டாள்.

விடுதி வந்து சேரும்வரை நான் பேசவில்லை.

சுற்றுலாவைப் பற்றி ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். தாவரத்தின் பெயர்: வைட்டிஸ் வினிஃபெரா. குடும்பம்: வைட்டேசி. வகை, இடம், நாள் எல்லாம் எழுதினேன். ஒரு கொத்தை முடிந்தவரை அழகாக வரைந்தேன். கடைசியாகத் 'தகவல் தந்தவர்' என்ற இடம் இருந்தது. மற்றவர்கள் 'தோட்டத் தொழிலாளி ஒருவர்' என்று எழுதியிருந்தனர். பழத்துக்குத் தமிழில் பெயர் உண்டு. லத்தீனில் பெயர் உண்டு. அரசாங்கப் பதிவேட்டிலும் இடம் கிடைத்துவிட்டது. வெட்டுகிறவருக்கு மட்டும் பெயர் இல்லாமல் போவானேன்? அம்மாவின் பெயரை முழுமையாக எழுதி, 'திராட்சைத் தோட்டத் தொழிலாளி, 20 ஆண்டு அனுபவம், என் தாயார்' என்று சேர்த்தேன். பேராசிரியை அந்த வரியைப் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கையொப்பமிட்டார்.

அன்புத் தோழியரே, தோழர்களே! கனித் தோட்டங்களைக் காணச் செல்லுங்கள். கையால் பறித்து உண்ணும் இன்பமே தனி. செல்லும்போது கொத்தைத் தொடாமல் காம்பைப் பிடியுங்கள். நுனிப் பழத்தைச் சுவைத்துப் பாருங்கள். அங்கே வேலை செய்கிறவரிடம் நின்று இரண்டு வார்த்தை கேளுங்கள். நம் புத்தகங்களில் உள்ள பாடத்தில் பாதியை அவர்கள் வேறு சொற்களில் வைத்திருக்கிறார்கள்.

தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குச் சென்றபோது ரெக்கார்டு நோட்டையும் எடுத்துச் சென்றேன். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தெரியாது. தம் பெயர் இருக்கும் வரியை நான் படித்துக் காட்டினேன். "இதையெல்லாம் எதுக்கு எழுதுனே? கூடப் படிக்கிற பிள்ளைக என்ன நினைக்கும்?" என்றார். ஆனால் நோட்டை உடனே தரவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படத்தின்மேல் விரலை வைத்து மேலிருந்து கீழாக ஒருமுறை தடவினார்.

"கொத்து நல்லாத்தான் இருக்கு. காம்பு பத்தாது தாயி. இப்படி வெட்டுனா நாளைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டாக" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து, காம்பை அழித்துவிட்டு நீளமாக வரைந்தேன். பேராசிரியையின் கையொப்பத்துக்கு மேலே அந்த அழித்த தடம் இன்னும் தெரிகிறது.