சோற்றின் மீது சுமத்திய பழி

"நாம் உண்ணும் சோறுதான் உலகைச் சுடுகிறதாமே! மெய்தானா?" என்று கேட்டார் ஓர் இளைஞர்.

படிப்பகம் ஒன்றில் புவி வெப்பமடைவது குறித்துப் பேசிவிட்டு மேடையை விட்டு இறங்கினோம். இறங்கிய இடத்தில் இந்தக் கேள்வி காத்திருந்தது. கேட்டவர் கடைமடை ஊர்க்காரர், குத்தகை உழவர் வீட்டுப் பிள்ளை. நெல்வயலிலிருந்து மீத்தேன் என்னும் வாயு கிளம்புகிறது, அது வானை வெப்பமாக்குகிறது என்று ஏதோ ஓர் ஏட்டில் படித்தாராம். கரியை எரித்துக் கோடி குவித்தவன் மாளிகையில் இருக்கிறான், களை பறித்துக் கூலி பெற்றவள் கூண்டில் நிற்கிறாள், இது என்ன நீதி என்னும் சினம் அவர் குரலில் இருந்தது. சினத்துக்கு அடியில் அச்சமும் இருந்தது. ஒருவேளை உண்மையாக இருந்துவிட்டால்?

"அத்தனையும் மேல்நாட்டார் கட்டிய கதை, தம்பி!" என்று கூறியிருக்கலாம். சுற்றி நின்றோர் கைதட்டியிருப்பர். ஆனால் பழி பொய்யென்று காட்ட விரும்புவோர் முதலில் அதில் எவ்வளவு மெய் என்று பார்த்தாக வேண்டும். பார்த்தோம். பார்த்ததைக் கூறுகிறோம், கேளுங்கள்.

வயலிலிருந்து வாயு கிளம்புவது மெய். நாம் சிறுவராயிருந்தபோது, நடவுக்கு உழுத சேற்றில் கால் புதைய நடந்தால் குமிழிகள் பொறுபொறுவென எழும். அதை மிதித்து உடைப்பது எங்களுக்கு விளையாட்டு. "சேறு மூச்சு விடுகிறது" என்பார் எம் பாட்டி. எழுத்தறியாத அந்த மூதாட்டி சொன்னது அறிவியலுக்கு வெகு அருகில் இருந்தது என்பது பின்னாளில்தான் தெரிந்தது. 1776-இல் அலெசாண்டிரோ வோல்ட்டா என்னும் இத்தாலிய அறிஞர் மச்சோரே ஏரிக்கரைச் சேற்றைக் கோலால் கிளறி, எழுந்த குமிழிகளைக் குப்பியில் பிடித்தார். அது தீப்பற்றி எரியும் என்றும் கண்டார். அதுவே மீத்தேன்.

நீர் தேங்கிய மண்ணில் காற்று புகாது. காற்றில்லா இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள், அழுகும் வேரையும் தாளையும் தின்று மீத்தேனை வெளியிடுகின்றன. அவ்வாயுவில் பெரும்பகுதி குமிழியாக வருவதில்லை; நெற்பயிரின் தண்டே புகைபோக்கியாகி அதை மேலே விடுகிறது. வெயிலில் கதவடைத்து நிறுத்திய பேருந்தில் ஏறியிருக்கிறீர்களா? வெயில் உள்ளே வரும். வெப்பம் வெளியே போகாது. வானில் மீத்தேனும் கரியமில வாயுவும் சேரச் சேர, புவியின் நிலையும் அதற்கு ஒப்பானதே. கரியமில வாயு பன்னூறு ஆண்டுகள் தங்கும். மீத்தேன் ஏறத்தாழ 12 ஆண்டுகளில் கலைந்துவிடும். ஆனால் இருக்கும் வரையில் கொடியது. நூறாண்டுக் கணக்கில் எடைக்கு எடை வைத்துப் பார்த்தால் கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு வெப்பப்படுத்தும்.

ஆக, வயல் வாயு விடுகிறது. எவ்வளவு விடுகிறது? வழக்கே இங்குதான் இருக்கிறது.

1990-ஆம் ஆண்டு. உலக நாடுகள் புவி வெப்பம் குறித்து உடன்படிக்கை காண ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளை. எவர் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று பேசுமுன் எவர் எவ்வளவு வெளியிட்டார் என்ற கணக்கு வேண்டுமல்லவா? கணக்கு வந்தது, வாஷிங்டனிலிருந்து! இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு 378 லட்சம் டன் மீத்தேனை வெளியிடுகின்றன என்றது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு. உலக வள நிறுவனம் என்னும் மற்றோர் அமெரிக்க அமைப்பு, உலகை வெப்பப்படுத்தும் முதல் ஐந்து நாடுகளின் வரிசையில் இந்தியாவையும் உட்கார வைத்தது.

378 லட்சம் டன்! யார் அளந்தார்? எந்த வயலில் இறங்கினார்? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சில வயல்களை அளந்து, அந்த அளவை நம் நாட்டு நெல் பரப்பால் பெருக்கினர். அங்கே மண் வேறு, உரம் வேறு, நீர் நிறுத்தும் முறை வேறு. இங்கோ வானம் பார்த்த நெல் உண்டு. மேட்டு நெல் உண்டு. பருவத்தில் பாதி நாள் வெடித்துக் கிடக்கும் வயல் உண்டு. எங்கோ ஒரு வயலை அளந்து, இங்கே இருக்கும் உழவனுக்குத் தண்டம் விதித்தனர்!

இந்த இடத்தில் கூச்சலிட்டிருந்தால் கூச்சலோடு முடிந்திருக்கும். டில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தார் வயலில் இறங்கினர். வானின் உயர் அடுக்குகளை ஆய்ந்து பெயர் பெற்ற ஏ. பி. மித்ரா முன்னின்றார். 1991-இல் நாட்டின் பல பகுதிகளில், பல வகை நெல் நிலங்களில், பயிரின் மேல் ஒளிபுகும் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் காற்றைக் குறித்த நேரத்துக்கு ஒரு முறை ஊசியால் உறிஞ்சி எடுத்து, ஆய்வுக் கருவியில் இட்டு அளந்தனர். கூட்டிப் பார்த்தபோது வந்த தொகை ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் டன். சுமத்தப்பட்டதில் ஒன்பதில் ஒரு பங்கு!

அந்தப் பெட்டியை நினைக்கும்போதெல்லாம் எமக்கு ஒரு பெருமிதம் பிறக்கிறது. ஆவேச உரை ஆயிரம் நிகழ்த்தியும் அசைக்க முடியாத ஓர் எண்ணை, சேற்றில் கவிழ்த்த ஒரு பெட்டி சாய்த்தது. அளக்கத் தெரிந்தவன் எழுதும் கணக்கில் அளக்கத் தெரியாதவன் கடன்காரனாகவே இருப்பான். வட்டிக்கடையில் கைநாட்டு வைத்த நம் முன்னோர் பட்ட பாடுதான் இது. பேரேடு மட்டும் பெரிது.

அதே 1991-இல் அனில் அகர்வால், சுனிதா நாராயண் இருவரும், டில்லி அறிவியல் சுற்றுச்சூழல் மையத்தின் சார்பில் சிறு நூல் ஒன்றை வெளியிட்டனர். சமமற்ற உலகில் புவி வெப்பம் என்பது அதன் பொருள். எண்ணைத் திருத்துவதோடு அவர்கள் நிற்கவில்லை. எண்ணின் அறத்தைக் கேட்டனர். அரைவயிற்றுக் கஞ்சிக்காக விளையும் நெல்லின் வாயுவையும், ஒற்றை ஆளை ஏற்றிக்கொண்டு ஓடும் பெரிய காரின் புகையையும் ஒரே தராசில் போடலாமா? ஒன்று உயிர் வாழ்வதற்கான உமிழ்வு, மற்றது ஆடம்பர உமிழ்வு என்று பிரித்துக் காட்டினர். 1992-இல் ரியோ நகரில் பிறந்த உடன்படிக்கையில், பொறுப்பு அனைவர்க்கும் பொது, அளவு வெவ்வேறு என்னும் கோட்பாடு இடம் பெற்றது.

கோட்பாட்டுக்குக் காரணம் இருக்கிறது. தொழிற்புரட்சி தொட்டு இன்று வரை கரியும் எண்ணெயும் எரித்து வானில் சேர்ந்த கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்காவினது; இந்தியாவின் பங்கு நூற்றுக்கு மூன்று, நான்கு அளவே. இன்றும் ஆள் ஒருவருக்கு ஆண்டுக்கு அமெரிக்காவில் சுமார் 14 டன், இந்தியாவில் சுமார் 2 டன். மாடியில் குளிர்பதனப் பெட்டி ஓட, கீழே விசிறியும் இல்லாதவனிடம் மின்கட்டணத்தில் சரிபாதி கேட்பதை எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் ஏற்காது.

இத்துடன் நிறுத்தினால் இனிக்கும். நம் பக்கம் வெற்றி, பழி பொய், போய் வரலாம் என்று கலைந்துவிடலாம். ஆனால் தோழர்களே, 40 லட்சம் டன் என்பது சுழியம் அன்று. அதோடு, உழவனுக்காக வாங்கிய அந்த விடுதலைப் பத்திரத்தை யார் யார் பையில் போட்டுக்கொண்டனர் என்பதையும் பார்க்க வேண்டாமா?

2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில், 2030-க்குள் உலக மீத்தேன் அளவை 2020-இல் இருந்ததைவிட நூற்றுக்கு முப்பது குறைப்போம் என்று பல நாடுகள் உறுதி கூறின. இந்தியா சேரவில்லை. நம் நாட்டு மீத்தேன் பெரும்பாலும் மாட்டிலிருந்தும் நெல்லிலிருந்தும் வருகிறது, சிறு உழவர் வாழ்வு கெடும் என்று நாடாளுமன்றத்தில் காரணம் கூறினர். காரணம் பொய்யன்று. ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. மனிதச் செயலால் உலகில் எழும் மீத்தேனில் ஏறத்தாழ 35 விழுக்காடு நிலக்கரிச் சுரங்கத்திலும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளிலும் கசிவது. 20 விழுக்காடு குப்பையிலும் கழிவுநீரிலும் எழுவது. நெல்லின் பங்கு 8 விழுக்காடு. நம் நாட்டில் நெல்லின் பங்கு இதைவிடக் கூடுதல்தான். ஆனால் இங்கும் சுரங்கம் உண்டு, கிணறு உண்டு, குப்பை மலை உண்டு. 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பற்றி நாட்கணக்கில் எரிந்ததே! மக்கும் குப்பையையும் மக்காக் குப்பையையும் ஒன்றாகக் கொட்டி மலையாக்கினால், அதன் வயிற்றிலும் நம் சேற்றில் நடப்பதே நடக்கும். அங்கு ஊறும் மீத்தேன் தீயை அணைய விடாது. அந்தக் குப்பையைப் பிரித்துக் கையாண்டால் எந்தச் சிறு உழவரின் அடுப்பு அணைந்துவிடும்? சுரங்கக் கசிவைப் பிடித்தால் எந்தக் குத்தகைதாரர் குடி கெடும்? வெளியே கைநீட்டி "உழவனைத் தொடாதே" என்பவர், உள்ளே அதே உழவனைக் கேடயமாக்கிக் கொள்கிறார். ஏழைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது என்றே 2007-இல் கிரீன்பீஸ் இந்தியா தன் அறிக்கை ஒன்றுக்குப் பெயரிட்டது. பொருத்தமான பெயர். நாட்டுச் சராசரி 2 டன் என்னும் போர்வைக்குள் நம் நாட்டுச் சீமான்களும் படுத்திருக்கிறார்கள் அல்லவா?

இனி வயலுக்கு வருவோம். வயலில் குறைக்க முடியாதா? முடியும். நீரை எந்நேரமும் தேக்கி வைக்காமல், காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சினால் மண்ணில் காற்று புகும். நுண்ணுயிரின் ஆட்டம் அடங்கும். மீத்தேன் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். நீரும் மிஞ்சும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் உழவர் நாவில் வழங்கும் சொல்தான் இது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கென எளிய கருவி ஒன்றைப் பரப்பினர். ஒரு சாண் ஆழத்துக்குக் குறைவாக, 15 சென்டிமீட்டர் அளவு மண்ணுள் புதைத்த துளையிட்ட குழாய். குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்கு 15 சென்டிமீட்டர் கீழே போனால் மறுபடி பாய்ச்சலாம், பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் நிற்க வேண்டும், விளைச்சல் குறைவதில்லை. வயல் அடிக்கடி காய்ந்தால் நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வேறு வாயு சற்றுக் கூடும், உரத்தை அளந்திட வேண்டும். அதைக் கழித்துப் பார்த்தாலும் ஆதாயமே மிகுதி. இப்படிக் குறைத்த வாயுவை விலைக்கு வாங்கி, எங்கோ ஓர் ஆலை தன் புகையைத் தொடர்வதற்குச் சீட்டாக்கும் வணிகமும் கிளம்பியிருக்கிறது. அதைத் தனியே பேச வேண்டும்.

இத்தனை எளிது என்றால் ஏன் எல்லோரும் செய்யவில்லை? ஒரு குறுவைப் பருவத்தில் டெல்டாவின் கடைக்கோடி ஊர் ஒன்றில் இதைக் கேட்டோம். முதியவர் ஒருவர் வரப்பில் அமர்ந்தபடி விடை கூறினார்: "வயலைக் காயப் போடச் சொல்கிறீர்கள் ஐயா, போடலாம். அடுத்த முறைத் தண்ணீர் எந்த நாளில் வரும் என்று சொல்லிவிட்டுப் போங்கள்." நாம் வாயடைத்து நின்றோம். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தாலும் அவர் மதகுக்கு நீர் எப்போது வரும் என்பது மேலே உள்ளவர் மடையைப் பொறுத்தது. வரும்போது தேக்கிக்கொள்வது அவருக்குப் பழக்கமன்று, காப்பீடு.

அவர் மகனுக்கு இரண்டு வயல்கள். ஆழ்குழாய்க் கிணறு உள்ள வயலில் அந்தத் துளைக்குழாய் நின்றுகொண்டிருந்தது. வாய்க்காலை நம்பிய வயலில் அதைப் பிடுங்கி, சேறு கழுவி, வரப்பில் சாய்த்து வைத்திருந்தார்கள். முறைநீர் நாள் பட்டியலை ஊர்ச் சாவடியில் ஒட்டச் சொல்லி மூன்று முறை மனுக் கொடுத்தார்களாம். நான்காவது மனுவை நாமும் சேர்ந்து எழுதினோம்.