தாழ்ப்பாள்

திங்கள், இரவு

இரண்டு நாளாக விடாத மழை. நேற்று திருச்சி பொன்மலைச் சந்தை பாதியிலேயே கலைந்தது. நனைந்த கீரைக் கட்டுகளைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடியவர்களைப் பார்த்ததும் வாய்க்கால் ஓரத் தெருதான் நினைவுக்கு வந்தது. இன்று காலை பணிமனைச் சங்கு ஊதியதும் கிளம்பிப் போனேன். நாங்கள் இருக்கும் ரயில்வே குவார்ட்டர்ஸ் மேட்டில் இருக்கிறது, மழை நின்றால் அரை மணியில் வாசல் காய்ந்துவிடும். பத்து நிமிட நடையில் உள்ள அந்தத் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். சாக்கடையும் அதில்தான் கலந்திருக்கிறது.

தெருக்காரர்கள் எல்லாரும் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள். மத்தியானம் சாம்பார் சாதம் வந்தது, பாய் வந்தது, கொசுவர்த்தி கூட வந்தது. நிவாரணப் பட்டியல் எடுக்க ஒருவர் வந்தார். குடும்பத் தலைவர் பெயர், ரேஷன் கார்டு எண், எத்தனை பேர். நல்ல மனிதர், சொட்டச் சொட்ட நனைந்தபடியே எழுதினார்.

சாயங்காலம் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். மூன்று பெண்கள் வேண்டாமென்று தலையாட்டினார்கள்.

"குடிச்சா போகணும்லக்கா" என்றாள் ஒருத்தி.

போய்ப் பார்த்தேன். பெண்களுக்கென்று இருப்பது ஒரே கழிவறை. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, விளக்கு எரியவில்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்கிறாள். பொழுது சாய்ந்தபிறகு அதற்கும் யாரும் போகவில்லை.

செவ்வாய்

கடை திறந்ததும் ஒரு தாழ்ப்பாள், ஒரு பல்பு, மூடி போட்ட இரண்டு வாளி வாங்கினேன். வீட்டுக்காரர் திருப்புளியோடு வந்து மாட்டிக் கொடுத்தார். முப்பது வருஷம் பணிமனையில் ரயில் பெட்டி பார்த்த கை, பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அந்தப் பத்து நிமிட வேலைக்காக முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் ஒரு ராத்திரி முழுக்க அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறார்கள்.

உலகம் முழுக்க நிவாரண வேலை செய்பவர்கள் கையில் வைத்திருக்கும் ஸ்ஃபியர் கையேட்டில் இதற்கெல்லாம் கணக்கு உண்டு. இருபது பேருக்கு ஒரு கழிவறை, ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. உள்ளே தாழ்ப்பாள், ராத்திரி வெளிச்சம். அவர்கள் கணக்கில் இவையும் சோறு, பாய் மாதிரிதான்.

அங்கே பதின்மூன்று வயசுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். நேற்று ராத்திரி அந்த வகுப்பறையில்தான் வயசுக்கு வந்திருக்கிறாள். அறுபது பேர் படுத்திருக்கும் இடம். அவள் அம்மா வாய்விட்டு அழவும் முடியாமல் முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமன் வந்து பச்சை ஓலையில் குச்சு கட்ட வேண்டிய நேரம், வீட்டுக்குள் தண்ணீர். மூலையில் இரண்டு பெஞ்சை நிமிர்த்தி வைத்து, நடுவில் ஒரு சேலையைக் கட்டி மறைத்திருந்தார்கள். நைந்த வாயில் சேலை, விளக்கு வெளிச்சத்தில் உள்ளே அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. மூட்டையில் நனையாமல் இருந்த ஒரே பாவாடையை ஓர் ஆயா நாலாகக் கிழித்துக் கொடுத்தார்.

"அலசி எங்க காய வைக்கிறது ஆயா?" என்று அந்தப் பெண் கேட்டாள். ஆயாவிடமும் என்னிடமும் பதில் இல்லை. வெயில் இல்லை, கொடி இல்லை, இருந்தாலும் அத்தனை ஆண்கள் நடமாடும் வராந்தாவில் எப்படிக் காய வைப்பாள்? ஈரத் துணியையே திரும்பக் கட்டினால் தொடையெல்லாம் புண்ணாகும்.

'புதுயுகம்' திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு அரசு நாப்கின் தருகிறது, நல்ல திட்டம். ஆனால் படிக்கிற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்துத்தான் கொடுப்பார்கள். மழைக்கு வகுப்பு இல்லையென்றால் அதுவும் நின்றுவிடும். மருந்துக்கடையில் இருந்த எட்டுப் பாக்கெட்டையும் வாங்கி வந்தேன். அப்புறப்படுத்தத்தான் அந்த மூடி போட்ட வாளி.

புதன்

தண்ணீர் இன்னும் வடியவில்லை, குழுக்கடன் வசூலுக்கு ஆள் வந்துவிட்டார். வாரத் தவணை புதன்கிழமை. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு மூன்று நாளாகச் சம்பளம் கிடையாது. ஒருத்தி காதில் கிடந்த தோட்டைக் கழற்றினாள். நான் தடுத்தேன். தடுத்தது சரியா என்று தெரியவில்லை, அடுத்த வாரம் இரண்டு தவணை சேர்ந்து வரும்.

வியாழன்

இன்று ஒரு பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். புருஷன் விட்டுவிட்டுப் போய் நாலு வருஷம். ரேஷன் கார்டு அவன் பெயரில், அவன் கையில். பட்டியலில் அவளும் இரண்டு பிள்ளைகளும் இல்லை. மாமியார் கார்டிலேயே இருக்கும் மருமகள்கள் நாலைந்து பேர், அவர்களும் தனிக் குடும்பமாக எழுதப்படவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னைப் பக்கம் கொடுத்த 6,000 ரூபாயும் ரேஷன் கடை வழியாகத்தான் போனது. வேகமாகக் கொடுக்க அது நல்ல வழி, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் கார்டு யார் கையில் இருக்கிறதோ பணமும் அவர் கைக்குத்தான் போகும்.

இதை மாற்றவே முடியாது என்றும் இல்லை. 2004 சுனாமியில் கடலூரில் 391 பெண்களும் 146 ஆண்களும் இறந்ததாக ஆக்ஸ்ஃபாம் அறிக்கை சொன்னது. கரையில் மீனுக்குக் காத்திருந்தவர்கள், நீச்சல் தெரியாதவர்கள், இடுப்பில் பிள்ளையோடு ஓடியவர்கள். அடுத்த வருஷமே தமிழக அரசு, சுனாமி வீடுகளைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிய வேண்டுமென்று ஆணை போட்டது. ஒரு ஆணையால் எத்தனை பெண்கள் பெயர் பத்திரத்தில் ஏறியது! வெள்ளப் பட்டியலிலும் அப்படி ஒரு வரி ஏன் கூடாது?

வெள்ளி

நான் திங்கட்கிழமையே செய்திருக்க வேண்டியதை இன்றுதான் செய்தேன். அந்தத் தெருவின் பொதுக் கழிப்பறையைப் பார்த்துக்கொள்ளும் மகளிர் குழுவைப் போய்ப் பார்த்தேன்.

திருச்சிக்கு இதில் ஒரு பெருமை உண்டு. கிராமாலயா என்ற தொண்டு நிறுவனம் இங்கே குடிசைப் பகுதிகளில் பெண்கள் குழுக்களைக் கட்டியது. கழிப்பறைச் சாவி அவர்கள் கைக்கு வந்தது. சில்லறை வாங்கி, கழுவி, பல்பு மாற்றி, கணக்கு எழுதி நடத்திக் காட்டினார்கள். நாட்டிலேயே முதல்முறையாகத் திறந்தவெளியில் யாரும் ஒதுங்காத குடிசைப் பகுதி என்று 2002-ல் அறிவிக்கப்பட்டது நம் ஊர் கல்மந்தைதான்.

எந்த வீட்டில் நிறைமாதக்காரி, எந்த வீட்டுக் கிழவிக்கு நடக்க முடியாது, யார் புருஷன் இல்லாமல் இருக்கிறாள், எல்லாம் இந்தப் பெண்களுக்கு மனப்பாடம். கோடு போட்ட நோட்டில் ஒரு மணி நேரத்தில் புதுப் பட்டியல் எழுதிவிட்டார்கள். முதல் பட்டியலில் இல்லாத பதினோரு பெயர். சேற்றுப்புண் களிம்பு, உள்பாவாடை, பிள்ளைகளின் நனைந்த பாடப்புத்தகம், கேஸ் புத்தகம், ஆதார் நகல் என்று தேவைகளுக்கு ஒரு பக்கம் தனியாக.

"யாரும் எங்களைக் கேக்கலையேக்கா" என்றார் குழுத் தலைவி. கோபமாகச் சொல்லவில்லை.

சனி

அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு நானும் குழுத் தலைவியும் நிவாரணப் பட்டியல் எடுத்த அலுவலகத்துக்குப் போனோம். வாங்கிக்கொண்டார்கள். ஐந்து பெயருக்கு இன்றைக்கே டோக்கன் எழுதினார்கள், ஆறு பெயருக்கு விசாரிக்க வேண்டுமாம்.

ஞாயிறு

தண்ணீர் வடிந்து எல்லாரும் வீடு திரும்பினார்கள். சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புக் கோடு. அந்தப் பதின்மூன்று வயசுப் பெண் வாசலில் உட்கார்ந்து அறிவியல் நோட்டின் ஒட்டிப்போன தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். மை கரைந்து பூவின் படம் நீலமாகப் பரவியிருந்தது.

"இனிமே பள்ளிக்கூடத்துக்கு எங்கக்கா அனுப்பறது? லால்குடியில சித்தி வீட்டுல கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றாள் அவள் அம்மா. பெண் தலை நிமிரவில்லை, தாளைப் பிரிப்பதையும் நிறுத்தவில்லை.

சடங்கு முடியட்டும், பேசுவோம் என்றேன். குழுத் தலைவியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். புதன்கிழமை மறுபடி போக வேண்டும். அன்றைக்குத்தான் தவணைக்கும் ஆள் வருவார்.