ஜனவரியில் முளைக்கும் கால்

அயோவா மாநிலத்தில் அக்டோபர் வந்தால் மக்காச்சோள வயல்களில் கம்பைன் வண்டிகள் இறங்கிவிடும். அதே அக்டோபர் 1 அன்று அமெரிக்க மருத்துவமனைகளின் பில்லிங் பிரிவுக்கும் புத்தாண்டு. நோய்களுக்கான குறியீட்டுப் பட்டியல் ஆண்டுதோறும் அன்று புதுப்பிக்கப்படுகிறது. இப்போதைய ஐ.சி.டி.-10-சி.எம். பட்டியல் நடைமுறைக்கு வந்ததும் 2015 அக்டோபர் 1 அன்றுதான். அறுவடையில் ஒருவர் காலை இழந்தால், அந்த ஒரே இழப்பு இந்தப் பட்டியலில் ஆயுள் முழுக்க வேறு வேறு எண்களில் திரும்பத் திரும்பப் பதிவாகும்.

அறுபத்தாறு வயது விவசாயி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அந்த வயதில் வயலில் என்ன வேலை என்று இங்கே யாரும் கேட்பதில்லை. 2022 விவசாயக் கணக்கெடுப்பின்படி அமெரிக்க விவசாயியின் சராசரி வயதே 58.1. டிராக்டரின் சக்தியைப் பிற கருவிகளுக்குக் கடத்தும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும், அதாவது நொடிக்கு ஒன்பது. மூடி கழன்று கிடக்கும் தண்டில் பேன்ட் ஓரம் சிக்கினால் காலை இழுத்துக்கொள்ள நேரமிருக்காது. அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே துண்டாகிவிடுகிறது.

அவருடைய மருத்துவக் குறிப்பான சார்ட் போய்ச் சேரும் இடம் சென்னையிலோ கோவையிலோ திருச்சியிலோ உள்ள ஓர் அலுவலகமாக இருக்கலாம். மைக்ரோபயாலஜியோ நர்சிங்கோ படித்துவிட்டு, சி.பி.சி. என்ற கோடிங் சான்றிதழ்த் தேர்வு எழுதி மெடிக்கல் கோடிங்குக்கு வந்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அப்படி ஒரு கோடர் அந்த டாக்டர் குறிப்பைப் படித்து எஸ் 88.111ஏ என்று பதிகிறார். எஸ் என்றால் காயம். 88 என்றால் கீழ்க்கால் துண்டிப்பு. முதல் ஒன்று, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் என்பது. இரண்டாவது ஒன்று, முழுத் துண்டிப்பு. மூன்றாவது ஒன்று, வலது. பழைய ஐ.சி.டி.-9இல் இதற்கிருந்த 897.0 என்ற எண், முழங்காலுக்குக் கீழே போனது ஒரு கால் என்று மட்டும் சொல்லும். எந்தக் கால் என்று சொல்லாது. இப்போது பக்கம் குறிப்பிடாமல் 9 போட்டு அனுப்பினால், க்ளெய்ம் திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

கடைசியில் இருக்கும் ஏ என்ற எழுத்தில்தான் புதியவர்கள் தடுக்கி விழுவார்கள். அது முதல் தடவை டாக்டரைப் பார்த்ததைக் குறிப்பதல்ல. காயத்துக்கான தீவிர சிகிச்சை நடக்கும் வரை, மூன்றாவது அறுவை நிபுணர் பார்த்தாலும் ஏதான். ஆறிவரும் கட்டத்தில் டி. பின்விளைவுக்கு எஸ்.

பாதி துண்டிப்பா முழுத் துண்டிப்பா என்று டாக்டர் எழுதாமல் விட்டால் முழுத் துண்டிப்பு என்றே கொள்ள வேண்டும் என்பது விதி. இயந்திரம் காலை நசுக்கி, பிறகு டாக்டர் அதை அகற்றியிருந்தால் கதை வேறு. அப்போது நோய்க்குறியீடு எஸ் 87 வரிசையில் நசுங்கல் காயமாகிவிடும். கால் அகற்றியது தனியாக, அறுவைக் குறியீட்டில் போய்ச் சேரும்.

விபத்து நடந்த விதத்துக்கும் எண் உண்டு. பி.டி.ஓ. தண்டுக்கு டபிள்யூ 30.1, வயலுக்கு ஒய் 92.73. விபத்து கோழிக் கூண்டில் நடந்திருந்தால் அதற்கும் ஒய் 92.72 காத்திருக்கிறது. வாத்து மோதியதற்கும், ஜெட் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டவர் தொடர் சிகிச்சைக்கு வருவதற்கும் எண் இருப்பதைப் பார்த்து 2015இல் நாடே சிரித்தது. ஆனால் காரணத்தைப் பதிவது தேசிய அளவில் கட்டாயமில்லை. அதனால் கால் போன செய்தி பதிவாகி, அதை எடுத்த தண்டின் பெயர் விடுபட்டுப்போக இடமிருக்கிறது.

காயம் ஆறிய பிறகும் இல்லாத பாதம் வலிக்கும். அதற்கு ஜி 54.6, வலியில்லாமல், கால் இருப்பதுபோன்ற உணர்வு மட்டும் இருந்தால் ஜி 54.7. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த சிப்பாய்களைப் பார்த்த ஃபிலடெல்ஃபியா டாக்டர் சைலஸ் வெயர் மிட்செல் 1871இல் இந்த மாய உறுப்புக்குப் பெயர் வைத்தார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் பேராசிரியரான வி.எஸ். ராமச்சந்திரன், 1990களில் ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்தே இந்த வலிக்கு வழி தேடினார். இருக்கும் உறுப்பின் பிம்பத்தைக் காட்டி, இல்லாததும் அசைகிறது என்று மூளையை நம்பவைக்கும் முறை அது.

பிறகு வருவது இசட் 89.511. வலது முழங்காலுக்குக் கீழே கால் இல்லை, அவ்வளவுதான். இயந்திரம் எடுத்த காலும் டாக்டர் எடுத்த காலும் இந்த எண்ணில் ஒன்றாகிவிடுகின்றன. இதை ஆண்டுதோறும் எழுத வேண்டும். முதியோருக்கான மெடிகேர் திட்டத்தைத் தனியார் நிறுவனம் நடத்தும்போது, ஒவ்வொரு உறுப்பினருக்கும் அரசு தரும் தொகை முந்தைய ஆண்டில் பதிவான நோய்களைப் பொறுத்தது. ஆண்டு பிறந்ததும் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். "ஜனவரி 1 அன்று மெடிகேர் கணக்கில் எல்லாருக்கும் கால் முளைத்துவிடும்" என்பது கோடர்களின் பழைய நகைச்சுவை. சளிக்காக வந்தவரின் நெஞ்சைச் சோதித்து அனுப்பிவிட்டு, டாக்டர் காலைப் பற்றி ஒரு வரி எழுதாவிட்டால் அந்த ஆண்டு அவருக்கு இரண்டு காலும் இருக்கும். பழைய இழப்புக்குப் பழக்க தோஷத்தில் எஸ் 88.111ஏ போட்டுவிட்டால் அதே கால் மறுபடியும் துண்டாகும். ஆடிட்டில் இரண்டுமே தவறு.

செயற்கைக் காலுக்குப் போனால் இன்னொரு ஏணி: கே0 முதல் கே4 வரை. படுக்கையை விட்டு எழாதவர் முதல் விளையாட்டு வீரர் வரை, யார் எவ்வளவு நடப்பார் என்று டாக்டர் மதிப்பிடும் படிகள். முழங்காலுக்கு மேலே காலை இழந்தவர்களில், மைக்ரோபிராசசர் பொருத்திய முழங்கால் நெடுங்காலம் கே3க்கும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கே கிடைத்துவந்தது. வெளியிலும் ஓரளவு மட்டும் நடமாடும் கே2 முதியவர் சாதாரண முழங்காலோடு சமாளிக்க வேண்டியிருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் மெடிகேர் அந்தக் கதவை கே2 நிலையினருக்கும் திறந்திருக்கிறது. கீழே விழும் ஆபத்து குறையும், நடை மேம்படும் என்பதை டாக்டர் குறிப்பு காட்டினால் அவர்களும் கேட்கலாம்.