காதால் கேட்கும் பின்னக் கணக்கு

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் ஒரு 'பாட்காஸ்ட்'டில் பேசப் போகிறேன், சகோதரிகளே! அதுவும் சமையலைப் பற்றியோ கைவைத்தியத்தைப் பற்றியோ அல்ல. கணக்கு சொல்லிக் கொடுப்பதைப் பற்றி.

பாட்காஸ்ட் என்பதற்குத் தமிழில் வலையொலி என்று அழகான பெயர் இருக்கிறது. வானொலிப் பேச்சு மாதிரிதான். ஆனால் நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே கைபேசியில் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். எங்கள் ஊர் வானொலி நிலையம் 1963-ல் வந்தது. அதன் மகளிர் நிகழ்ச்சிகளைக் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்த தலைமுறையைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆகையால் காதால் கேட்டுக் கற்றுக்கொள்வது எனக்குப் புதிதல்ல. பேசுவதுதான் புதிது.

என்னைக் கூப்பிட்டது வேறு யாருமல்ல, என் நாத்தனார் மகள்தான். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறாள். கூட வேலை பார்க்கும் இருவரோடு சேர்ந்து இதை நடத்துகிறாள். "அத்தை, பின்னத்தைப் பத்தி நீங்க வந்து பேசணும். எங்க டீச்சர்மாருக்கே அது உதவும்" என்றாள். பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தியவளுக்கு இது அதிகமில்லையா என்று கேட்டால், "இல்லம் தேடிக் கல்வியில உங்க வகுப்பை நான் பார்த்தேனே!" என்கிறாள். 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய அந்தத் திட்டத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தன்னார்வலராகச் சொல்லிக் கொடுத்தேன். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததில் பிள்ளைகள் விட்டுப்போனதைச் சாயங்கால வேளையில் எடுத்துக் கொடுக்கும் வேலை. அங்கேதான் பின்னம் என்ற பூதத்தோடு எனக்குப் பழக்கம்.

அந்தப் பூதம் எப்படிப்பட்டது தெரியுமா? ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் 1/2-ம் 1/4-ம் கூட்டச் சொன்னால், மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் நாலும் ஆறு, விடை 2/6 என்று பளிச்சென்று எழுதும். 2/6 என்றால் மூன்றில் ஒரு பங்கு. அரைப்படி அரிசியோடு இன்னும் கொஞ்சம் கொட்டிய பிறகு அரிசி குறைந்து போயிற்று என்று அர்த்தம்! அதே பிள்ளையிடம் 1/4 பெரிதா 1/8 பெரிதா என்றால், எட்டுதானே பெரிது என்று 1/8-ஐக் காட்டும். பிள்ளை மேல் தப்பில்லை. அதுவரை படித்த எண்களில் எல்லாம் எட்டுதான் நாலைவிடப் பெரிது.

வகுப்பில் என்றால் கரும்பலகை உண்டு, காகிதத்தை மடித்துக் காட்டலாம். பாட்காஸ்டில் காட்ட ஒன்றுமே இல்லையே! குரல் மட்டும்தான். இரண்டு வாரமாக என் மண்டையைக் குடைந்தது இந்தக் கேள்விதான்.

பதில் பரணில் இருந்தது. ஆச்சி வைத்திருந்த பித்தளை அளவைகள்: நாழி, உரி, உழக்கு, ஆழாக்கு. நாழி என்றால் ஒரு படி. அதில் பாதி உரி, அதில் பாதி உழக்கு, அதில் பாதி ஆழாக்கு. படியில் எட்டில் ஒன்று ஆழாக்கு. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, கைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, ஆழாக்கால் அரிசியை அள்ளி அள்ளி நாழியில் கொட்டினேன். திரும்பப் போட்டுக் கேட்டால் ஆச்சரியம்! முதல் ஆழாக்கு விழும்போது 'கலகல' என்று பித்தளை சத்தம். நிறைய நிறைய சத்தம் அடங்கி, எட்டாவது விழும்போது அரிசி மேல் அரிசி விழுகிற 'சர்ர்' மட்டும்தான். கேட்கிறவர்கள் எட்டு என்று காதால் எண்ணலாம். எட்டு தடவை கொட்டினால்தான் நிறைகிறது என்றால் ஒவ்வொன்றும் எவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும்! எட்டு ஏன் நாலைவிடச் சின்னது என்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்? ஒரே ஒரு தொல்லை, நாழியின் அடியில் துணி மடித்துப் போடாவிட்டால் மேஜை அதிர்ந்து காதைத் துளைக்கிறது.

கையோடு நம் பின்னங்களின் பெயர்களையும் எழுதி வைத்திருக்கிறேன். முக்கால் என்றால் மூன்று கால். அரைக்கால் என்றால் காலில் அரை, அதாவது 1/8. பெயரைச் சொன்னாலே கணக்கு பாதி முடிந்துவிடுகிறது. இன்னும் கீழே போனால் மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320 என்று ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் (பெரும்பாலும் பையன்கள்தான்) எண்சுவடியில் இவற்றை மனப்பாடமாகச் சொல்லிப் பழகினார்கள். அந்தப் படிப்பைப் பற்றி செந்தில் பாபு என்ற ஆய்வாளர் 2022-ல் ஒரு பெரிய நூலே எழுதியிருக்கிறார். பழையபடி எல்லாவற்றையும் பிள்ளைகள் உருப்போட வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. முந்திரியும் காணியும் வேண்டாம். அரைக்கால் ஒன்று திரும்பி வந்தால் போதும்.

எங்கள் தாமிரபரணிப் பக்கத்துக் கணக்கு ஒன்றும் சேர்த்திருக்கிறேன். இங்கே நெல்லைக் கோட்டைக் கணக்கில் அளப்பார்கள். வயலையும் இத்தனை கோட்டை விதைப்பாடு என்றுதான் சொல்வார்கள். ஒரு கோட்டைக்கு 21 மரக்கால். இருபத்தொன்றைப் பாதியாக்கிப் பாருங்கள்: பத்தரை. அதில் பாதி ஐந்தேகால். அதிலும் பாதி? ஐந்தில் பாதி இரண்டரை, காலில் பாதி அரைக்கால். ஆக இரண்டரையே அரைக்கால். கார் அறுவடையிலும் பிசான அறுவடையிலும் களத்தில் நின்று பங்கு பிரித்தவர்கள் இதைக் காகிதம் பென்சில் இல்லாமல் வாயாலேயே சொன்னார்கள். பள்ளிக்கூட வழியில் 21-ஐ எட்டால் வகுத்து 2 5/8 என்று எழுதிப் பாருங்கள். விடை ஒன்றுதான், வழி வேறு.

ரூபாய்க்குப் பதினாறணா இருந்த வரை சந்தையிலும் இந்தப் பாதியாக்கும் பழக்கம் இருந்தது. எட்டணா, நாலணா, இரண்டணா, ஓரணா. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. 2011-ல் நாலணாவான 25 பைசாவும் செல்லாமல் போயிற்று. பத்து பத்தாக எண்ணுவது சுலபம்தான். ஆனால் பாதியில் பாதி என்று மனம் தானாகப் பிரிக்கிற இடம் சந்தையில் இல்லாமல் போய்விட்டது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மேடைகளில் பலர், "குடும்பத் தலைவிகள் எல்லாருமே கணக்கு மேதைகள்தான், அடுப்படியே கணக்கு வகுப்பு" என்று கைதட்டல் வாங்கிப் போவார்கள். அதை நான் சொல்லப் போவதில்லை. 2025-ல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலானோர் செய்தது. கொல்கத்தா, டில்லி சந்தைகளில் வியாபாரம் செய்யும் 1,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்தார்கள். இத்தனை கிலோ, இன்ன விலை, இவ்வளவு மீதி என்று சிக்கலான கணக்கையெல்லாம் மனதாலேயே சரியாகச் சொன்ன பிள்ளைகள், பள்ளிக்கூடத்து மாதிரி எண்ணாக எழுதிக் கொடுத்த சாதாரணக் கணக்கில் திணறினார்கள். வியாபாரம் தெரியாத பள்ளிப் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் திணறினார்கள். இரண்டுக்கும் நடுவே பாலம் தானாக விழுவதில்லை. யாராவது போட வேண்டும்.

ஆகவே ஆழாக்கைக் கொட்டிக் காட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டால் வேலை பாதிதான். கொட்டிய கையோடு, "இதைத்தான் உன் நோட்டில் 1/8 என்று எழுதுகிறோம். கீழே இருக்கிற எட்டு, எத்தனை கொட்டினால் நிறையும் என்கிறது, மேலே இருக்கிற ஒன்று, எத்தனை கொட்டினோம் என்கிறது" என்று சொல்லி எழுத வைக்க வேண்டும். உரியும் உழக்கும் சேர்ந்தால் ஆறு ஆழாக்கு, அதாவது 6/8. அதுவே முக்கால். ஆசிரியைகளுக்கு நான் சொல்ல நினைப்பதில் முக்கியமானது இதுதான்.

ஒத்திகைக்கு ஆள் வேண்டுமே! எதிர்வீட்டு மதினியின் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளை உட்கார வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேள் என்றேன். இரண்டு நிமிஷம் போயிருக்காது, "அத்தை, ஆழாக்குன்னா என்னது?" என்றாள். அவர்கள் வீட்டில் ரைஸ் குக்கரோடு வந்த கப்புதான் அளவு! அதனால் முதலில் 'எட்டு டம்ளர் பிடிக்கிற ஒரு பாத்திரம்' என்று ஆரம்பித்து, பெயர்களைப் பிறகு சொல்வதாக முடிவு செய்தாயிற்று.

கோலம் சொன்னபோதுதான் அவள் கண்ணைத் திறந்துவிட்டாள். நேர்ப்புள்ளி 7 புள்ளி 1 வரை என்றால் படம் காட்டாமலே நம் எல்லாருக்கும் தெரியும். 1, 3, 5, 7, பிறகு 5, 3, 1. முதல் நாலு வரிசையைக் கூட்டிக்கொண்டே வாருங்கள்: 1, 4, 9, 16. எல்லாம் வர்க்க எண்கள். மிச்ச மூன்று வரிசை 9. மொத்தம் 25, அதுவும் வர்க்கம். "ஒற்றை எண்களோட கூடுதல் எங்க புத்தகத்திலேயே இருக்கு அத்தை, அது இதுதானா!" என்றாள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி என்ற பேராசிரியர் 1970-களிலேயே கோலங்களை வைத்துக் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி செய்தார் என்றதும் அவளுக்கு இன்னும் குஷி.

இந்தப் பெண்ணைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வருகிற ஜூனில் பதினொன்றில் எந்தக் குரூப் என்று முடிவு செய்ய வேண்டும். அவளுக்குக் கணக்கு எடுக்க ஆசை. மதினியோ அவள் காதில் விழவே, "எங்க வம்சத்துக்கே கணக்கு வராது தாயி. இவ மட்டும் என்னத்தப் போட்டுக் கிழிக்கப் போறா!" என்கிறார்கள். அன்பில்லாத தாயா? இல்லவே இல்லை. பிள்ளை தோற்றுப்போய் அழக்கூடாதே என்ற பயம்.

அமெரிக்காவில் 2015-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், கணக்கென்றால் பயப்படுகிற பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவினால், அந்த ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த வருஷம் கணக்கில் குறைவாகவே முன்னேறினார்கள், பயமும் கூடியது என்று கண்டார்கள். அதே வருஷம் சிகாகோ பக்கத்தில் இன்னொன்று: கணக்கு கலந்த சின்னக் கதைகளை வீட்டில் பிள்ளையோடு சேர்ந்து படித்த குடும்பங்களில் பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள், அதிலும் பயந்த பெற்றோரின் பிள்ளைகளுக்குத்தான் பலன் அதிகம். அம்மாக்களுக்கு என்ன சொல்வீர்கள் என்று நாத்தனார் மகள் நிச்சயம் கேட்பாள். பிள்ளைக்கு முன்னால் 'எனக்கும் வராது' என்று சொல்லாதீர்கள், பென்சிலைப் பிடுங்கிப் போட்டுக் காட்டாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து 'நீ எப்படிப் போட்டே, எனக்குச் சொல்லு' என்று கேளுங்கள் என்பேன். சொல்வதை வீட்டிலிருந்தே மதினி காதிலும் விழச் செய்ய வேண்டும் என்று, ஒத்திகைக்குக் கடிகாரம் பார்க்கும் வேலையை அவர்களுக்கே கொடுத்துவிட்டேன்!

மற்ற ஏற்பாடுகளை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள், நாளைக்கு உங்களையும் யாராவது கூப்பிடலாம். அடுப்படியில் பதிவு செய்யாதீர்கள், சுவரெல்லாம் எதிரொலிக்கும். மெத்தையும் துணி பீரோவும் இருக்கிற அறை உத்தமம். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். நம் ஊர் வெயிலில் அதுதான் பெரிய தவம். குக்கரைப் பத்து மணிக்கு முன்பே இறக்கிவிட வேண்டும். எழுதி வைத்து வாசித்தால் குரல் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பது போல வருகிறது. தலைப்பை மட்டும் ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு பேசினால் பேச்சாக வருகிறது. எண்களை மட்டும் மெதுவாகச் சொல்லி, ஒரு மூச்சு நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கேட்கிறவர்கள் பின்தங்கிவிடுவார்கள். தொண்டைக்கு வெதுவெதுப்பான சீரகத் தண்ணீர்.

நேற்றுச் சாயங்காலம் கடைசி ஒத்திகை. பதினெட்டு நிமிஷம் ஆயிற்று என்று மதினி கடிகாரத்தைக் கீழே வைத்தார்கள். பிறகு நாழியைக் கையில் எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, மகளிடம், "ஏட்டி, உரியும் ஆழாக்கும் சேந்தா எவ்வளவு?" என்றார்கள். அவள் "5/8" என்றாள். "அதெப்படி, சொல்லு பாப்போம்" என்றார்கள் மதினி. அவள் அரிசியை அள்ள ஆரம்பித்தாள். நான் காபி போட உள்ளே போய்விட்டேன்.