தூரத்தைப் பங்கிட்ட கதை

தபாற் கந்தோரில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு கடிதம் இரண்டு நாள் தாமதித்தால் ஒரு குடும்பம் எவ்வளவு கலங்கும் என்பதை என் கண்ணாற் கண்டிருக்கிறேன். அத்தகைய நானே, தாமதம் என்னும் அந்தப் பழைய பகை என் வீட்டுக்குள் புகுந்து, பேரப்பிள்ளைகள் இருவருக்கிடையே நின்றபோது அதனை அடையாளங் காணத் தவறிவிட்டேன். அது நாட்கணக்கான தாமதமன்று. ஒரு செக்கனில் கால்வாசியும் அரைவாசியுமான தாமதம். ஆயினும் அது செய்த வேலை சிறிதன்று. பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் பயன்படுமென்று எண்ணி அந்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

என் மகனுக்கு ஆண்மக்கள் இருவர். மூத்தவன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ரொறன்ரோவுக்குப் போனான். இளையவன் பதினான்கு வயதினன். எங்களுடன் யாழ்ப்பாணத்தில் இருக்கிறான். சனிக்கிழமை தோறும் இரவு ஏழு மணிக்கு, அதாவது அங்கே காலை ஒன்பதரை மணிக்கு, இருவரும் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டிற் சந்திப்பார்கள். 2011ஆம் ஆண்டு முழுமையாக வெளிவந்த சுவீடன் நாட்டு விளையாட்டு அது. கற்கட்டிகளை வெட்டியெடுத்து வீடு கட்டுவதும், இரவிலே வரும் பூதங்களிடமிருந்து தப்புவதுமே அதன் சாரம். அந்த உலகத்தில் எங்கள் வீட்டைப் போலவே முற்றமும் கிணறும் வைத்து ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

தொடக்கத்தில் எனக்கு அது பிடிக்கவில்லை. படிக்கும் பிள்ளைக்கு இதென்ன கேடு என்று முணுமுணுத்தேன். ஆனால் ஒருநாள் சாய்மனைக் கதிரையிலிருந்து அவர்களின் பேச்சைக் கேட்கலானேன். தொலைபேசியில் தாயுடன் பேசும்போது மூத்தவன் சொல்வது இரண்டு வாக்கியந்தான்: "சாப்பிட்டேன் அம்மா. சுகமாக இருக்கிறேன்." விளையாட்டின் நடுவிலோ, பனியில் வழுக்கி விழுந்ததும், அறையில் உடனிருப்பவன் குறட்டை விடுவதும், வேலைத்தலத்தில் ஒருவர் ஏசியதும் எல்லாம் தானாகவே அவன் வாயிலிருந்து வந்தன. கை ஒரு வேலையில் ஈடுபட்டிருக்கும்போது மனம் திறந்துகொள்கிறது போலும். அன்று முதல் சனிக்கிழமை மாலைகளில் மருமகளும் சமையலறைக் கதவோரம் வந்து நிற்கத் தொடங்கினாள்.

நல்லூர்த் திருவிழாக் காலத்திலேதான் வினை மூண்டது. இளையவன் வெட்டிய கட்டி மீண்டும் பழைய இடத்திலேயே தோன்றும். பத்தடி நடந்தவன் பின்னோக்கி இழுக்கப்படுவான். ஆபத்தான வேளையில் அவனுடைய உருவம் விளையாட்டிலிருந்தே மறைந்துவிடும். மூன்றாம் முறையும் அப்படி நேர்ந்து, தனியே நின்று மாண்டுபோன மூத்தவன் கோபங்கொண்டு, "ஆபத்து வந்தால் என்னை விட்டுவிட்டு ஓடிவிடுகிறாய்" என்றான். இளையவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்பு, "முதலில் எங்களை விட்டுவிட்டுப் போனது நீதானே அண்ணா" என்று சொல்லிக் கணினியை அணைத்துவிட்டான்.

அதன்பின் இரண்டு சனிக்கிழமைகள் வீடு அமைதியாயிருந்தது. கதவோரம் நின்று கேட்பதற்கு மருமகளுக்கு ஒன்றுமில்லை.

இதற்கு ஏதேனும் வழி செய்யவேண்டுமென்று துணிந்தேன். முதலிற் செய்தது மூடத்தனம். மாதாந்தக் கட்டணத்தை உயர்த்தி, வேகங்கூடிய பக்கேஜ் ஒன்றை வாங்கினேன். பணம் போனதேயன்றிப் பயன் ஒன்றும் விளையவில்லை. காரணம் பின்னரே விளங்கிற்று. விளம்பரங்கள் சொல்லும் வேகம் என்பது ஒரு செக்கனில் எவ்வளவு பொருள் வரும் என்ற அளவு; ஒரு செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகும் என்பது வேறோர் அளவு. தபால் வண்டியில் இன்னும் இரண்டு பெட்டிகளைக் கோத்துவிட்டால் கடிதங்கள் மிகுதியாகப் போகும். கொழும்புக்கு வண்டி முன்னதாகப் போய்ச் சேராது. விளையாட்டுக்கு வேண்டியவை மிகச் சிறிய கடிதங்களே. அவை காலந்தவறாமற் போய்வருவதுதான் முக்கியம்.

போய்வரும் நேரத்தை அளப்பதற்கு ஒரு கருவி எந்தக் கணினியிலும் உண்டு. 'பிங்' என்பது அதன் பெயர். அமெரிக்க இராணுவ ஆய்வுகூடமொன்றிற் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் அதனை எழுதினார். நீர்மூழ்கிகளைத் தேடும்போது கடலினுள் அனுப்பும் ஒலி எதிரொலித்துத் திரும்பும் ஓசையே அந்தப் பெயர். ஒரு சிறு செய்தியை அனுப்பி, அது திரும்பிவர எத்தனை மில்லிசெக்கன் ஆயிற்று என்று அது கூறும். மில்லிசெக்கன் என்பது செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எனக்கு இது பதிவுத் தபாலுக்கு வரும் ஒப்புகைச் சீட்டை நினைவூட்டியது. பேரனும் நானும் ஒரு கொப்பியை எடுத்து, வேளைதோறும் எண்களைக் குறித்துவைத்தோம்.

நோயை அறியப் புகுந்தால் அருகிலிருந்தே தொடங்கவேண்டும். ஆகவே முதலில் எங்கள் வீட்டு ரவுட்டருக்கே செய்தி அனுப்பிப் பார்த்தோம். ஒரு மில்லிசெக்கன், இரண்டு மில்லிசெக்கனில் மறுமொழி வரவேண்டிய அவ்விடத்தில், ஐந்து, எண்பது, ஏழு, நூற்றிருபது என்று எண்கள் துள்ளின. சில செய்திகள் திரும்பவேயில்லை. வீட்டு வாசலைத் தாண்டுமுன்னரே கடிதம் தொலைகிறதென்றால் அடுத்த ஊர்த் தபாற் கந்தோரைக் குறைகூறுவது எவ்வாறு? எங்கள் வீடு பழைய சுண்ணக்கல் வீடு, சுவர்கள் தடிப்பானவை. ரவுட்டர் முன்மண்டபத்தில் இரும்பு அலுமாரிக்குப் பின்னால் இருந்தது. பேரனின் அறையோ பின்புறத்தில். வைஃபை அலைகள் இரண்டு சுவர்களைத் துளைத்துச் செல்லவேண்டும். போதாக்குறைக்கு அயல்வீட்டு அலைகளும் அதே வெளியில் நெருக்கின.

இருபத்தைந்து மீற்றர் வலைக் கம்பி ஒன்றை வாங்கி, கூரையோரமாக இழுத்து, ரவுட்டரையும் கணினியையும் நேரே இணைத்தோம். இவ்வகைக் கம்பி நூறு மீற்றர் தூரம்வரை நன்றாக உழைக்கும். துள்ளிய எண்கள் அன்றே அடங்கி, ஒன்று என்ற அளவில் நிலைத்தன. கம்பி இழுக்க வசதியில்லாதவர்கள் ரவுட்டரை உயரமான, திறந்த இடத்தில் வைத்து, அதே அறையிலிருந்து 5 கிகாஹேட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்தலாம். 2.4 கிகாஹேட்ஸ் அலை சுவரை ஓரளவு நன்றாகக் கடக்குமாயினும், அங்கே நெரிசல் அதிகம். மைக்ரோவேவ் அடுப்பின் அலையும் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது.

தொலைந்த செய்தி ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது என்பதையும் பேரன் படித்துச் சொன்னான். இணையத்தில் அனுப்பும் முறைகள் இரண்டு. ஒன்று, வின்ற் சேர்வ், பொப் கான் என்ற இருவர் 1974இல் வெளியிட்ட ஏற்பாட்டிலிருந்து வளர்ந்தது. பதிவுத் தபால் போன்றது. ஒரு துண்டு தொலைந்தால் அது மறுபடி வந்து சேரும்வரை பின்வந்தவையெல்லாம் காத்துநிற்கும். மற்றது 1980இல் வகுக்கப்பட்டது; சாதாரண அஞ்சலட்டை போன்றது. தொலைந்தது தொலைந்ததே, அடுத்ததைப் பார் என்று அது போய்க்கொண்டிருக்கும். விரைவான சுடுவிளையாட்டுகள் பெரும்பாலும் இரண்டாவதைக் கைக்கொள்கின்றன. இவர்கள் ஆடும் மைன்கிராஃப்ட் ஜாவாப் பதிப்போ முதலாவதை நம்பியது. ஆகவே தொலைவு ஒன்றென்றாலும் காத்திருப்புப் பலவாகிறது.

வெட்டிய கட்டி மீண்டும் தோன்றிய மாயத்திற்கும் விளக்கம் உண்டு. தொலைவிலுள்ள சேவையகத்தின் சம்மதம் வரும்வரை காத்திராமல், நம் கணினி தானே ஊகித்துக் காட்சியைக் காட்டிவிடுகிறது. 1996இல் ஜோன் கார்மக் என்பவர் குவேக் என்ற விளையாட்டின் இணையப் பதிப்பில் இந்த உபாயத்தைப் புகுத்தியபின் அது பரவலாயிற்று. சேவையகம் 'அப்படியன்று' என்று பின்னர் மறுத்துரைத்தால் ஊகம் கலைந்து, பழைய நிலை திரும்புகிறது. என் பேரன் பின்னுக்கு இழுக்கப்பட்டது இதனாலேதான்.

கம்பி இழுத்தபின்னும் ஒரு குறை எஞ்சியது. பகலெல்லாம் ரொறன்ரோச் சேவையகத்துக்கு 260 மில்லிசெக்கன் அளவில் ஒழுங்காக இருந்த எண், மாலை ஏழு மணியளவில் ஆயிரத்தைத் தாண்டி, சிலவேளை மறுமொழியே வராது நின்றது. நாலு நாட் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்த பேரன் தயக்கத்தோடு சொன்னான்: "அப்பப்பா, நீங்கள் கோயிலால் வந்த பிறகுதான் எண் ஏறுகிறது."

எனக்கு முதலிற் சினம் வந்தது. ஆனால் அவன் சொன்னது முற்றும் உண்மை. திருவிழாவிலே நான் கைத்தொலைபேசியில் எடுத்த படங்களும் காணொளிகளும், வீட்டு வைஃபை கிடைத்தவுடன் தாமாகவே இணையக் களஞ்சியத்துக்கு ஏறத் தொடங்கின. மேலே அனுப்பும் வழி கீழே பெறும் வழியினும் ஒடுக்கமானது. ஒருவர் ஐந்நூறு பொதிகளைக் கொண்டுவந்து ஒரே யன்னலில் வைத்துவிட்டால், பின்னால் ஒரு முத்திரை வாங்க வந்த பிள்ளை என்ன செய்வான்? ரவுட்டரும் ஒரு பொதியையும் மறுக்காமல் எல்லாவற்றையும் வரிசையில் அடுக்கிக்கொள்கிறது, வரிசை நீள்கிறது. ஜிம் கெட்டிஸ் என்ற அறிஞர் 2010ஆம் ஆண்டளவில் இந்தக் கேட்டினை உலகறியச் செய்தார். 2012இல் கத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் என்போர் வரிசையை நீளவிடாது காக்கும் முறையொன்றை வெளியிட்டனர். அதனோடு ஒவ்வொருவருக்கும் முறைவைத்து இடங்கொடுக்கும் ஏற்பாடும் சேர்ந்து இன்று சில ரவுட்டர்களில் இருக்கிறது.

எங்கள் ரவுட்டரில் அந்த வசதி இல்லை. ஆயினும் ஒவ்வொரு கருவிக்கும் மேலேற்றும் அளவை மட்டுப்படுத்த இடமிருந்தது, அதைச் செய்தோம். படங்கள் தாமாக ஏறுவதை நிறுத்தி, படுக்கப்போகுமுன் நானே ஏற்றிவிடுகிறேன். காசு எதுவும் செலவாகவில்லை. ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. முருகனைப் படம்பிடித்துச் சேர்த்த ஆவலில், சகோதரர் இருவரின் பேச்சை நானே அறுத்திருக்கிறேன்! தம்பி ஓடிப்போனான் என்று அண்ணனும், அண்ணன் நம்பவில்லை என்று தம்பியும் வருந்த, குற்றவாளி கதிரையிலிருந்து அவர்கள் பேசுவதைச் சுவைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் நானே எல்லாவற்றையும் விளக்கி மூத்தவனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். கொப்பிப் பக்கங்களோடு அதைப் படமெடுத்து இளையவன் அனுப்பிவைத்தான். அங்கே அப்போது இரவு இரண்டு மணி. ஆயினும் உடனே அழைப்பு வந்தது. "தம்பி நிற்கிறானா?" என்று கேட்டான். தொலைபேசியைக் கொடுத்துவிட்டு நான் முற்றத்துக்குப் போய்விட்டேன். என்ன பேசினார்கள் என்று இன்றளவும் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மூத்தவன் புதிதாக ஒன்றைச் சொன்னான். அந்த 260 மில்லிசெக்கன் யாருடைய பிழையுமன்று, தூரத்தின் கணக்கு. ஒளி கண்ணாடியிழையினூடே செக்கனுக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீற்றர் செல்லும். யாழ்ப்பாணத்துக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். போய்வருவதற்கு 140 மில்லிசெக்கனாவது வேண்டும். கம்பியோ நேர்கோட்டிற் போவதில்லை. கொழும்பைத் தொட்டுச் சிங்கப்பூரிலிருந்து பிரான்சின் மார்செய்வரை செல்லும் கடலடிக் கம்பி 2005இல் இயங்கத் தொடங்கியது. மாத்தறையைத் தொடும் இன்னொன்று 2016இல். இவை போன்ற வழிகளில் வளைந்து, பல சந்திகளில் வண்டி மாறித்தான் செய்தி போகிறது. எந்தப் பணத்தாலும் இந்தத் தூரத்தை வாங்கிவிட முடியாது.

"ஆனால் சேவையகம் என் வீட்டுப் பக்கத்தில் இருப்பதால் முழுத்தூரத்தையும் தம்பி ஒருவனே சுமக்கிறான்" என்றான் மூத்தவன். அவனுக்கு வெறும் 15, இவனுக்கு 260. ஆகவே வாடகைக்கு எடுத்திருந்த சேவையகத்தை விட்டு, இலண்டனில் ஒன்றை எடுத்து, கட்டிய வீட்டை அங்கே மாற்றினான். இப்போது அவனுக்கு 90, இவனுக்கு 170. தூரம் குறையவில்லை, இருவரும் பங்கிட்டுக்கொண்டார்கள்.

தொலைதேசத்தில் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்கள் எம்மிடையே அநேகம். விளையாட்டுத் தடங்கினால் பிள்ளையை ஏசுவதற்கு முன், பெற்றோர் ஒருமுறை கம்பியையும் ரவுட்டரையும் தங்கள் கைத்தொலைபேசியையும் பார்க்கட்டும். மாணவர்கள் அளந்து பாராமல் வேகங்கூடிய பக்கேஜுக்குத் தந்தையின் பணத்தைச் செலவிடாதிருக்கட்டும். அருகிலுள்ள குறையை முதலில் நீக்கி, பின்பு தூரத்தை நோக்குவதே ஒழுங்கு.

இப்பொழுதும் இளையவன் வெட்டும் கட்டி சிறிது தயங்கியே விழுகிறது. அவன் அதைப் பொருட்படுத்துவதில்லை. சென்ற சனிக்கிழமை கிணற்றுக்குக் கட்டு வைத்தார்கள். மருமகள் கதவோரத்திலிருந்து ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள்.