பன்னிரண்டு பேருக்குள்

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் நெல்லிக்குப்பத்தில் எல்லா வீட்டிலும் மார்க்கைப் பற்றிப் பேச்சு. எங்கள் கூட்டத்தில் உயரத்தைப் பற்றிப் பேச்சு.

கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, நாலு கிழவர்கள். ரிட்டயரான பி.டி. மாஸ்டர் ஒருவர். சர்க்கரை ஆலையில் எடைமேடையில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர். சைக்கிள் கடை பாய். நான். பாண்டிச்சேரியிலிருந்து வந்தவன் என்பதால் நாற்பது வருடம் ஆகியும் இந்த ஊரில் எனக்குப் பெயர் "பாண்டி சார்" தான். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பள்ளி மைதானத்தில் கூடைப்பந்து ஆடுகிற சிமென்ட் தரைக்குப் பக்கத்தில் உட்காருவோம். பிள்ளைகள் ஆடுவார்கள், நாங்கள் பேசுவோம். யாரை எந்தக் காலேஜ் எடுக்கும், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஃபீஸ் மட்டும் தள்ளுபடியா, ஹாஸ்டலும் சேர்த்தா, போன வருடம் போன பையனுக்கு இந்த வருடம் டீமில் இடம் உண்டா. இதெல்லாம்தான் பேச்சு. கிரிக்கெட் பற்றிப் பேச ஊரில் வேறு இடம் நிறைய இருக்கிறது.

பாய்க்கு உயரம் ஒன்றுதான் கணக்கு. எட்டாவது படிக்கிற பையன் ஆறடியைத் தொட்டுவிட்டான் என்றால் அவர் மனசுக்குள் அவன் இந்தியாவுக்கே ஆடிவிடுவான். மாஸ்டர் உயரத்தைப் பார்க்கவே மாட்டார், காலைப் பார்ப்பார். "கால் முதல்ல போகணும் பாய், பந்து பின்னாடி வரும்" என்பார். எடைமேடைக்காரருக்கு அப்பா அம்மா முக்கியம். அப்பா ஐந்தே காலடி என்றால் பிள்ளை இதற்கு மேல் வளராது என்று தீர்ப்பு சொல்லிவிடுவார். கரும்பு வண்டியைப் பார்த்தே எத்தனை டன் என்று சொல்லிப் பழகியவர், பேச்சை மாற்ற முடியாது. நான் ஃப்ரீ த்ரோவை எண்ணுவேன். பத்தில் எத்தனை விழுகிறது? யாரும் தடுக்காத இடத்தில் பந்து போடாதவன், ஆள் தடுக்கும்போது எப்படிப் போடுவான்?

எனக்கு இந்தப் பைத்தியம் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காலத்திலேயே பிடித்தது. அங்கே "பாஸ்கெத்" என்போம். பாடம், திட்டு, விளையாட்டு எல்லாமே பிரெஞ்சில்தான். ஃப்ரீ த்ரோவுக்கு "லான்ஸே ஃப்ரான்". கூடைக்குக் கீழே நிற்கிற உயரமான ஆளுக்குப் "பிவோ". இங்கே வந்து பார்த்தால் மாஸ்டரும் அதே ஆளைப் "பிவட்" என்கிறார். அந்த ஒரு சொல்லிலேயே எங்களுக்குள் நட்பு வந்துவிட்டது.

இந்த விளையாட்டு நம் பக்கம் வந்த வழியும் நேர்வழிதான். 1891 டிசம்பரில் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், பீச் பழக் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் ஆணி அடித்து மாட்டினார். அந்தப் பத்தடி இன்றைக்கும் மாறவில்லை. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர் சென்னைக்கு வந்து 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்து வெளியே வந்தவர்கள்தான் ஊர் ஊராக டிரில் மாஸ்டர் ஆனார்கள். எங்கள் மாஸ்டருக்குச் சொல்லிக் கொடுத்தவர் அங்கே படித்தவர். லயோலா கல்லூரியில் பெர்ட்ராம் பெயரில் போட்டி நடத்துகிறார்களே, அந்த பெர்ட்ராம் சாமியார் 1925இல் அந்தக் கல்லூரியை நிறுவிய பிரெஞ்சுக்காரர். இதை மட்டும் நான் அடிக்கடி சொல்லிப் பெருமை அடித்துக்கொள்வதாகப் பாய்க்கு ஒரு குறை.

என் மகள் குடும்பம் அமெரிக்காவில் ராலே நகரத்தில் இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் மூன்று பெரிய பல்கலைக்கழகங்கள், மூன்றுக்கும் கூடைப்பந்தில் தீராத பகை. மாப்பிள்ளை சிதம்பரத்துப் பிள்ளை, போனபோது ஆபீஸ் நண்பர்களோடு பேச விஷயம் வேண்டுமே என்று பார்க்க ஆரம்பித்தவர், இப்போது மைக்கேல் ஜோர்டான் படித்த நார்த் கரோலினாவின் வெறியர். போனில் பேசினால் முதல் பத்து நிமிடம் உடம்பு, மருந்து, மழை. பிறகு, "மாமா, இந்த வருஷம் நம்ம ஆளுங்க யாரை எடுத்திருக்காங்க தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார். அங்கே பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கே ஐந்து நட்சத்திரம், நாலு நட்சத்திரம் என்று தரம் போட்டுவிடுகிறார்கள். பதினாறு வயதுப் பையன் எந்தக் கல்லூரித் தொப்பியைப் போடப்போகிறான் என்று ஒரு மாநிலமே காத்திருக்கும். கூப்பர் ஃபிளாக் என்ற பையன் எதிரிக் கல்லூரியான டியூக்கில் சேர்ந்தபோது மாப்பிள்ளைக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அவனும் ஒரே வருடம் ஆடிவிட்டு, 2025இல் என்.பி.ஏ. தேர்வில் முதல் ஆளாகப் போய்விட்டான். எங்கள் பிரெஞ்சுப் பையன் வெம்பன்யாமா 2023இல் முதல் ஆளாகப் போனவன், எந்த அமெரிக்கக் கல்லூரிக்கும் போகாமல். இதை மாப்பிள்ளையிடம் ஒரு முறைக்கு மேல் சொல்லியிருக்கிறேன்.

"உங்க ஊர்ல எப்படி மாமா?" என்று ஒரு நாள் கேட்டார். சொன்னேன். சிரித்தார். சிரித்ததில் தப்பில்லை. அங்கே பேச்சு கோப்பையைப் பற்றி. இங்கே பேச்சு ஃபார்ம் மூன்றைப் பற்றி.

ஃபார்ம் மூன்று என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காக. மத்திய அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களை எடுக்கச் சான்றிதழ் படிவங்கள் உண்டு. நாட்டுக்காக ஆடியவனுக்கு ஒன்று, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவனுக்கு இரண்டு, பல்கலைக்கழகத்துக்காகப் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டியில் ஆடியவனுக்கு மூன்று, பள்ளி அளவில் தேசியப் போட்டி ஆடியவனுக்கு நாலு. கிராமத்துப் பிள்ளைக்கு இந்தியா எட்டாது, மாநில அணியும் கஷ்டம். எட்டக்கூடியது மூன்று. கல்லூரிக்கு ஆடினால் போதாது, பல்கலைக்கழக அணியின் பன்னிரண்டு பேருக்குள் வரவேண்டும். அதற்கும் 25 வயதுக்குள். பி.ஏ. முடித்து, எம்.ஏ. சேர்ந்து, அதற்கு மேலும் ஏதாவது ஒரு டிப்ளமாவில் சேர்ந்து ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் அது படிப்பு ஆசை இல்லை.

ஆகவே ஒரு பிள்ளை எந்தக் கல்லூரியில் சேருவது என்பது எங்களுக்குப் பெரிய கணக்கு. பலமான பல்கலைக்கழகமென்றால் கோப்பை கிடைக்கலாம், பன்னிரண்டுக்குள் இடம் கிடைக்காது. பலவீனமான இடமென்றால் முதல் வருடமே இடம் கிடைக்கும், முதல் ரவுண்டிலேயே தோற்றுத் திரும்பலாம், ஆனால் படிவம் படிவம்தான். எங்கள் மாவட்டத்துக் கல்லூரிகள் முன்பு வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தில் இருந்தன, இப்போது சிதம்பரம் அண்ணாமலையில். இந்த மாற்றத்தைப் பேராசிரியர்கள் எப்படிப் பேசினார்களோ தெரியாது, எங்கள் சுவர் ஓரத்தில் ஒரு மாதம் பேசினோம். பிவட் இடத்துக்கு அங்கே எத்தனை பேர், இங்கே எத்தனை பேர் என்று மாஸ்டர் நோட்டுப் போட்டு எழுதினார்.

இத்தனையும் எதற்கு? இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே மாதிரி அணி வைத்திருக்கும் இடத்தில் ஒரு வேலை. சென்னையின் அனிதா பால்துரை இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர், 2021இல் பத்மஸ்ரீ வாங்கியவர். அவரும் தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்தவர்தான். அமெரிக்கப் பையனின் கனவு கோடிக்கணக்கான டாலர். எங்கள் பிள்ளையின் கனவு நான் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்து தேய்த்த நாற்காலி மாதிரி ஒன்று. அதை மட்டமாக நான் சொல்லமாட்டேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் மகளைப் படிக்க வைத்தேன்.

2016இல் ஒரு பையன். அப்பா கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர். ஆறடி இரண்டு அங்குலம், காலும் நல்ல கால், ஃப்ரீ த்ரோ பத்துக்கு ஏழு. நாலு பேரும் ஒரே கருத்தாக இருந்தது அந்த ஒரு பையன் விஷயத்தில்தான். சென்னையிலிருந்து ஒரு கல்லூரியின் கோச் காரில் வந்தார். ஃபீஸ் இல்லை, ஹாஸ்டல் இல்லை, மெஸ் இல்லை, ஷூ கூட வாங்கித் தருகிறோம் என்றார். டிராக்டர்காரர் எங்களிடம் வந்தார். "நீங்க படிச்சவங்க, நீங்க சொல்லுங்க சார்." அதுவரைக்கும் அது எங்களுக்குப் பொழுதுபோக்கு. அவர் அப்படிக் கேட்டதும் பாய்கூட வாயை மூடிக்கொண்டார்.

பிரெஞ்சுப் பள்ளியில் ஒரு பழமொழியை இம்லா எழுதவைப்பார்கள்: "லே பரோல் ஸான்வோல், லே ஸெக்ரி ரெஸ்த்." வாய்ச்சொல் பறந்துபோகும், எழுத்து நிற்கும். பிறகு ஆபீஸில் ஆயுசு முழுக்க ஃபைல் பார்த்தவன். நான் கோச்சிடம் ஒன்றே ஒன்று கேட்டேன், "இதெல்லாம் லெட்டரில் தருவீங்களா? மூணு வருஷத்துக்கும்? அடிபட்டாலும்?" அவர் சிரித்து, "இதெல்லாம் நம்பிக்கை சார், யாரும் எழுதிக் கேக்கறதில்லை" என்றார். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் சென்னை, கார், ஷூ. பதினேழு வயது. அப்பாவால் மறுக்க முடியவில்லை.

முதல் வருடம் நன்றாக ஆடினான், பேப்பரில் பெயர் வந்தது. இரண்டாம் வருடம் பயிற்சியில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆறு மாதம் ஆடமுடியாது என்றார் டாக்டர். அடுத்த செமஸ்டருக்கு ஹாஸ்டல் பில் வந்தது, மெஸ் பில் வந்தது. கோச் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். அப்பா சென்னைக்கு நாலு தடவை அலைந்தார், காட்டுவதற்குக் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. பையன் ரூம் எடுத்து, ராத்திரி ஒரு ஓட்டலில் வேலை பார்த்து, டிகிரி முடித்தான். பன்னிரண்டு பேருக்குள் அவன் வரவேயில்லை. இப்போது கடலூரில் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் வசூலுக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை வந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறான். படியில் இறங்கும்போது அந்தக் காலை முதலில் வைக்கமாட்டான்.

இதை மாப்பிள்ளையிடம் சொன்னேன். அமெரிக்காவில் இப்படி நடக்காது என்று சொல்வார் என நினைத்தேன். அவர் தேடிப் பார்த்துச் சொன்னது வேறு. 1973 முதல் சுமார் நாற்பது வருடம் அங்கேயும் விளையாட்டு உதவித்தொகை வருடத்துக்கு ஒன்றுதானாம், வருடா வருடம் புதுப்பிக்கவேண்டும். கோச் நினைத்தால் புதுப்பிக்கமாட்டார். 2012 முதல்தான் பல வருடத்துக்குச் சேர்த்து எழுதிக் கொடுக்க அனுமதித்தார்கள். 2021 முதல் தன் பெயரை வைத்துப் பிள்ளைகள் சம்பாதிக்கலாம். 2025 முதல் பல்கலைக்கழகமே நேராகப் பணம் தரலாம், ஒரு பல்கலைக்கழகத்துக்கு வருடம் இரண்டு கோடி டாலருக்குக் கொஞ்சம் மேலே என்று உச்சவரம்பு. இதற்காக அந்தப் பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். எங்கள் டிராக்டர்காரர் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்?

இந்த வருடம் ஒரு பெண். ஐந்தடி பத்தரை, இன்னும் வளர்கிறாள் என்று பாய் சத்தியம் செய்கிறார். அம்மா பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கப் போகிறவர், முந்திரிப் பாலில் விரலெல்லாம் கறுத்திருக்கும். அப்பா இல்லை. இரண்டு கல்லூரி கேட்டன. சென்னையில் ஒன்று, டீம் பலம், தென்மண்டலத்தில் ஜெயிக்கக்கூடியது. கோவைப் பக்கம் ஒன்று, சுமார் டீம்.

நாங்கள் நாலு பேரும் அந்த அம்மாவின் வீட்டுக்கே போனோம். இரண்டு கல்லூரிக்கும் ஒரே கேள்வி, லெட்டர். என்னென்ன கேட்கவேண்டும் என்று நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ், எத்தனை வருடம், மருத்துவச் செலவு, சர்டிபிகேட்டை யார் எப்போது வாங்கித் தருவது. சென்னைக்காரர்கள் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். கோவைக் கல்லூரியின் பிசிகல் டைரக்டர் அம்மா ஒரு கடிதம் அனுப்பினார். மூன்று வருடம், எல்லாம் இருந்தது. அந்த முந்திரிக்கார அம்மா மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அடிபட்டா என்னன்னு இதுல இல்லையே" என்றார். திருப்பி அனுப்பினோம். ஒரு வாரம் கழித்து அந்த ஒரு வரி பேனாவால் எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் சீலும் வைத்து வந்தது.

பாய்க்கு இன்னும் மனசு ஆறவில்லை. "மெட்ராஸ் டீமுக்குப் போயிருந்தா இந்த வருஷமே ஃபைனல் ஆடியிருக்கும் அந்தப் பொண்ணு" என்று தினமும் சொல்கிறார். மாஸ்டர், "பெஞ்சுல உக்காந்து ஃபைனல் பாத்திருக்கும்" என்கிறார். கோவையிலும் பிவட் இடத்துக்கு மூன்றாம் வருடத்துப் பெண்கள் இரண்டு பேர் இருக்கிறார்களாம். ஜூலையில் கல்லூரி செலக்ஷன், அதற்குப் பிறகு பல்கலைக்கழக செலக்ஷன். முதல் வருடமே பன்னிரண்டு பேருக்குள் வருவாள் என்று எடைமேடைக்காரர் ஒரு மாத டீயைப் பந்தயம் கட்டியிருக்கிறார். கடிதத்தை மூன்று ஜெராக்ஸ் எடுத்தோம். ஒன்று அந்த அம்மாவிடம், ஒன்று மாஸ்டரிடம், ஒன்று என் பீரோவில் இருக்கிறது. ஒரிஜினலை லாமினேட் பண்ணவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.