தரையில் கிடந்த பீன்ஸ்

சட்டக் கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் விடை எழுதப் பழக்குகிறேன். முதல் நாள் எல்லாருக்கும் ஒரே வழக்குதான்: வோலர்மன் எதிர் கிராண்ட் யூனியன், 1966. கடைத் தரையில் கிடந்த பீன்ஸில் கால் வைத்து ஒரு பெண் வழுக்கி விழுந்தார். நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு.

ஒரு மாணவி இரண்டே வரி எழுதிவந்தாள்: கடை கவனக்குறைவாக இருந்தது, ஆகவே நஷ்டஈடு தர வேண்டும். தீர்ப்பு முழுக்க மஞ்சள் ஹைலைட்டர். "எல்லாம் தெரியுது ஆன்ட்டி, மார்க்தான் வர மாட்டேங்குது" என்றாள்.

'ஏனென்றால்' வந்திருக்க வேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்தேன். பீன்ஸ் கிடந்தது கடைக்குத் தெரியுமா? தெரியாவிட்டாலும் பொறுப்பு வருமா? நீதிமன்றம் சொன்ன காரணம் அங்கேதான் இருக்கிறது. திறந்த தொட்டியில் கொட்டி, வாங்குபவர்களையே அள்ளிக்கொள்ளச் சொன்னால் நாலு கீழே விழத்தான் செய்யும். எவ்வளவு நேரம் கிடந்தது என்று விழுந்தவர் நிரூபிக்க வேண்டாம். தரையைப் பார்த்துக்கொள்ள என்ன செய்தோம் என்று கடைதான் காட்ட வேண்டும். "சரி, பாக்கெட்டில் கட்டி விற்றிருந்தால்?" என்றேன். நெடுநேரம் யோசித்துவிட்டு எழுதத் தொடங்கினாள்.

இங்கே பெரும்பாலான பாடங்களில் பருவ இறுதித் தேர்வு ஒன்றே மதிப்பெண்ணைத் தீர்மானிக்கிறது. மதிப்பெண் முடிவுக்கல்ல, அதை எட்டிய வழிக்கு. வீட்டில் வக்கீல் இருக்கும் பிள்ளைக்கு இது சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்து வளர்ந்த எனக்கு, இங்கே எழுதிய முதல் தேர்வுக்குப் பிறகுதான் தெரிந்தது.

இப்படி வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைகளுக்காக முனைந்த பள்ளி ஒன்று உண்டு. 1967 ஜூலையில் இதே மாநிலத்தின் நூவர்க் நகரம் இனக் கலவரத்தில் பற்றி எரிந்தது. 26 பேர் இறந்தார்கள். மறு ஆண்டே அங்குள்ள ரட்கர்ஸ் சட்டப் பள்ளி சிறுபான்மை மாணவர் திட்டத்தைத் தொடங்கியது. இடம் கொடுத்ததோடு நிற்காமல், படிக்கும் முறையைச் சொல்லித்தந்து வழிகாட்டவும் ஆள் வைத்தது. பின்னாளில் எந்த இனத்தவரானாலும் வசதியற்ற பின்னணியிலிருந்து வருபவர்களுக்கும் அது திறந்தது. கதவைத் திறந்தால் மட்டும் போதாது என்பதை அந்தத் திட்டத்திடம்தான் கற்றேன்.

"தனி வகுப்பா? எங்க பொண்ணு அவ்வளவு மோசமாவா படிக்கிறா?" என்று பெற்றோர் பதறுகிறார்கள். அவர்களே அவளைப் பத்து வருடம் பாட்டு வகுப்புக்கு அனுப்பியவர்கள். குரல் நன்றாக இருக்கிறது என்பதற்காக டீச்சர் முன்னால் பாடித் திருத்திக்கொள்வதை யாரும் நிறுத்தவில்லையே! வழக்குரைஞர் தேர்வில் 200 கொள்குறிக் கேள்விகள், ஆறு கட்டுரைகள், இரண்டு செயல்முறை வினாக்கள். நியூ ஜெர்சியில் தேற 266 மதிப்பெண் வேண்டும். அதற்கான கைப்பழக்கம் கடைசி இரண்டு மாதத்தில் வந்துவிடாது.

நான்காவது சனிக்கிழமை அவள் கொண்டுவந்த விடையில் நான் பென்சிலை எடுப்பதற்கு முன்பே ஓரமெல்லாம் புள்ளிகள். அவளே வைத்தவை.